மணலுக்குள் அடித்தளம் கண்ட மாமனிதர்

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் வாழும் நாம் கரிசல் மண்ணின் குணத்தை நன்கறிவோம். மழையில் அது உப்பும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன்மேல் எழுப்பிய சுவரும் கூடவே விரிசல் விடும். பலமற்ற மண்ணில் எவ்வாறு கட்டுவது? இக்கேள்விக்கு விடை தேடிய ஒரு பொறியாளரின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

சர் ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். 1821இல், பதினெட்டு வயது இளைஞராகச் சென்னை வந்தார். அந்நாளில் காவிரி நீர் பெரும்பகுதி தாழ்வான கொள்ளிடத்தில் இறங்கிக் கடலை அடைந்தது. தஞ்சை வயல்கள் வாடின. முக்கொம்பில் அணை கட்டியாக வேண்டும். ஆனால் அங்கே தோண்டத் தோண்ட மணல்தான்!

காட்டன் கல்லணையிடம் பாடம் கேட்டார். நம் முன்னோர் பெருங்கற்களை ஆற்று மணலில் இட்டனர். ஓடும் நீர் அடிமணலை அரிக்க, கற்கள் தாமே புதைந்தன. அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கினர். புதைவது நின்றதும் அணை உறுதிபெற்றது. இவ்வித்தையைத் தாம் இந்நாட்டினரிடமே கற்றதாகக் காட்டன் மனமார ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தில் பிறந்தவருக்கு இப்பணிவு எளிதன்று.

1836இல் முக்கொம்பில் அவர் செங்கல் கிணறுகளை மணலில் இறக்கி, அவற்றின்மேல் அணை எழுப்பினார். கல் முறைக்குக் கல்லும் பொறுமையும் மிகுதியாக வேண்டும். கிணற்று முறையில் வேலை விரைவு. ஆனால் நீர் அடிமணலை அரிக்காதபடி என்றும் காவல் வேண்டும். 2018 வெள்ளத்தில் முக்கொம்பு அணையின் ஒரு பகுதி உடைந்ததை நாம் அறிவோம். பின்னர் பஞ்சத்தால் நலிந்த கோதாவரிக் கரையில், தவளேஸ்வரத்தில், 1847 முதல் 1852 வரை அவர் கட்டிய அணை இலட்சக்கணக்கானோர்க்குச் சோறிட்டது. 1899 ஜூலை 24இல் அவர் மறைந்தார்.

நம் கரிசலுக்கோ வேறு மருந்து. அங்கே பகை அரிப்பன்று, உப்புதல். ஆகவே கரிசலை அகற்றி மணலோ சரளையோ நிரப்பலாம். சுண்ணாம்பு கலந்து மண்ணின் குணத்தை மாற்றலாம். அல்லது கீழுள்ள உறுதியான அடுக்குவரை தூண் இறக்கலாம். மண்ணை அறிந்தே மருந்திட வேண்டும்.

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். அவன் தன் மண்ணை ஆராயவில்லை. காட்டன் ஆராய்ந்தார், கற்றவரிடம் கேட்டார். மாணவியராகிய நாமும் நம் குறைகளை மறைக்காமல் அறிந்து, அறிந்தவரிடம் பணிந்து கேட்டு, வாழ்வின் அடித்தளத்தை இப்போதே உறுதியாக்குவோமாக!