ஜார்ஜ் வாஷிங்டன்: துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பியவரைத் தொண்டை வலி கொன்றது எப்படி?

நாள் முழுக்க ஏசி அறை, நடுவில் மூன்று காபி, சாயந்தரம் தொண்டையில் கரகரப்பு. ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறுநாள் மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவீர்கள். பெரும்பாலும் அது ஒன்றும் தப்பான முடிவு இல்லை. 1799 டிசம்பர் 13-ம் தேதி அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். அவர் மாத்திரைகூட போடவில்லை. ஜலதோஷத்துக்கெல்லாம் மருந்து சாப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

மறுநாள் இரவு அவர் உயிரோடு இல்லை. வயது 67.

இத்தனைக்கும் லேசில் சாய்கிற ஆள் இல்லை அவர். 1732 பிப்ரவரி 22-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். 11 வயதில் அப்பாவை இழந்தார், பதின்ம வயதிலேயே நிலம் அளக்கும் சர்வேயர் ஆனார். 1751-ல், காசநோய் வந்த அண்ணன் லாரன்ஸுக்குத் துணையாக பார்படோஸ் போன இடத்தில் பெரியம்மை பிடித்தது. பிழைத்தார். 1755-ல் பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையில் அவர் ஏறியிருந்த இரண்டு குதிரைகள் சுடப்பட்டன, கோட்டில் நான்கு இடங்களில் குண்டு துளைத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

பெரியம்மை கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் மறக்கவில்லை. விடுதலைப் போரின் நடுவே, 1777-ல், தன் படை முழுவதற்கும் அம்மைப்பால் குத்தச் சொல்லி உத்தரவிட்டார். அன்றைக்கு அது துணிச்சலான முடிவு. 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அந்தப் படையின் தளபதி காரன்வாலிஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிறகு இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்பு சுல்தானைப் பணியவைத்தவர் அவர்தான்.

1789 முதல் 1797 வரை அதிபர். பதவியேற்கும்போது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. தந்தத்தாலும் மனிதப் பற்களாலும் செய்த பல்செட்டு அது.

அந்த மூன்று நாட்கள்

1799 டிசம்பர் 12, வியாழக்கிழமை. மவுண்ட் வெர்னான் பண்ணையைச் சுற்றிப் பார்க்கக் குதிரையில் கிளம்பினார். பனி, ஆலங்கட்டி, குளிர் மழை என்று மாறி மாறிக் கொட்டியது. சுமார் ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பியவர், சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது என்று ஈர உடையோடே மேஜையில் உட்கார்ந்தார். (நனைந்ததால்தான் நோய் வந்தது என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அழற்சியைக் கொண்டுவருவது பெரும்பாலும் கிருமிதான்.)

வெள்ளிக்கிழமை தொண்டை வலி. அப்படியும் வெளியே போய், வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போட்டுவிட்டு வந்தார். இரவு, கட்டிய குரலிலேயே செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தார். சனிக்கிழமை அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு மூச்சுத் திணறல். மனைவி மார்த்தா எழுந்து ஆளைக் கூப்பிடப் போக, அவருக்குக் குளிரில் ஏதாவது ஆகிவிடும் என்று தடுத்தார். விடியும்வரை காத்திருந்தார்கள்.

காலையில் வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள். ஒரு சொட்டும் விழுங்க முடியவில்லை, மூச்சே அடைத்தது. பிறகு வாய் கொப்பளிக்கக் கொடுத்தபோதும் அதே கதை.

தொண்டைக்குள் என்ன நடந்தது?

மூக்கில் நுழையும் காற்று ஈரமாகி, சூடாகி, தொண்டைக்கு இறங்குகிறது. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் உண்டு. அவை வீங்கினால் சைனஸ் தொல்லை. வாயின் பின்புறம் இரு பக்கமும் இருப்பது டான்சில். அதற்குக் கீழேதான் சிக்கலான சந்திப்பு: உணவும் காற்றும் ஒரே வழியாக வந்து இரண்டாகப் பிரிகின்றன. முன்னால் குரல்வளையும் மூச்சுக்குழலும், பின்னால் உணவுக்குழல்.

அந்தச் சந்திப்பில் நாக்கின் அடியை ஒட்டி, இலை வடிவில் ஒரு குருத்தெலும்பு நிற்கிறது. அதன் பெயர் குரல்வளை மூடி. நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அது சாய்ந்து மூச்சுப் பாதையை மறைக்கிறது. கொஞ்சம் தப்பினால் புரை ஏறும், பாட்டி தலையில் தட்டி யாரோ நினைக்கிறாங்க என்பார்.

சாதாரண தொண்டை வலியில் வீங்குவது தொண்டைச் சுவர். அங்கே இடம் தாராளம். வலிக்கும், சில நாளில் சரியாகும். பெரும்பாலும் வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படாது. குரல்வளை மூடி வீங்கினால் கதையே வேறு. குறுகலான குழாயின் விட்டம் பாதியானால், காற்று போக எதிர்ப்பு இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு ஏறும். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் ராத்திரிக்குள் திணறுவது இதனால்தான்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகுவது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், மூச்சை இழுக்கும்போது சத்தம், படுக்க முடியாமல் முன்னால் சாய்ந்து உட்காருவது. இதையெல்லாம் பார்த்தால் டார்ச் அடித்து, ஸ்பூன் வைத்து அழுத்திப் பார்க்காதீர்கள். அதுவே பாதையை அடைத்துவிடலாம். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மூன்று மருத்துவர்கள், ஒரு யோசனை

வாஷிங்டனைப் பார்க்க மூன்று மருத்துவர்கள் வந்தார்கள்: பழைய நண்பர் ஜேம்ஸ் கிரெய்க், கஸ்டாவஸ் பிரவுன், 37 வயது எலைஷா டிக். அன்றைய வைத்திய முறைப்படி நான்கு தடவை நரம்பைக் கீறி ரத்தத்தை வடித்தார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல். ரத்த தானத்தில் உங்களிடம் எடுப்பது 350 அல்லது 450 மில்லிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இளையவரான டிக் மட்டும் இனி ரத்தம் எடுக்க வேண்டாம் என்றார். மூச்சுக்குழலில் துளை போட்டு, அடைப்புக்குக் கீழிருந்து காற்றுக்கு வழி விடலாம் என்றும் சொன்னார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் 47 வருடங்கள் இருந்தன, அந்த அறுவையை நேரில் பார்த்தவர்களே அபூர்வம். நோயாளியோ வாஷிங்டன். மற்ற இருவரும் ஒப்பவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் உயிர் பிரிந்தது.

பகலெல்லாம் கட்டிலருகே நின்றிருந்தவர் கிறிஸ்டோபர் ஷீல்ஸ் என்ற அடிமை. தன் பெயரில் இருந்த அடிமைகளை விடுவிக்கச் சொல்லி வாஷிங்டன் உயில் எழுதியிருந்தார். ஷீல்ஸ் அதில் வரமாட்டார். அவர் மார்த்தாவின் முதல் கணவர் வீட்டுச் சொத்துக் கணக்கில் இருந்தார்.

தொண்டைச் சீழ்க்கட்டி, தொண்டை அடைப்பான் என்றெல்லாம் பிறகு பலரும் ஊகித்தார்கள். அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் குரல்வளை மூடி அழற்சிதான் நன்றாகப் பொருந்துகிறது. இதற்கு முக்கியக் காரணமாக இருந்த ஹிப் பாக்டீரியாவுக்கு இன்று தடுப்பூசி உண்டு. அதை உள்ளடக்கிய பென்டாவேலன்ட் ஊசி இந்திய அரசின் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். இப்போது நோய் வந்தாலும் குழாய் செலுத்தி மூச்சுக்கு வழி செய்துவிட்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.

1800 ஜனவரியில் பிரவுன் கிரெய்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ரத்தம் எடுப்பதை நிறுத்தச் சொன்ன டிக்கின் பேச்சைக் கேட்டிருந்தால் நண்பர் இன்னும் உயிரோடு இருந்திருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார்.