குழந்தைகளின் கையை விடாத மருத்துவர்



ஓர் அனாதை இல்லத்துப் பிள்ளைகள் தங்கள் பகுதியிலிருந்த ஆலயத்தின் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சனிக்கிழமை காலை வேளைகளில் ஆலயத்தை ஒட்டிய தோட்டத்திற்கு வர அனுமதி வேண்டும் என்பதே அவர்களின் விண்ணப்பம். கொஞ்சம் காற்றும் பசுமையும் வேண்டும், செடிகளைக் கெடுக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

இது நடந்த இடம் போலந்து நாட்டின் தலைநகர் வார்சா. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூத மக்களை அடைத்து வைத்த 'கெட்டோ' என்னும் மதில் சூழ்ந்த பகுதி அது. அந்த மதிலுக்குள்தான் அனைத்துப் புனிதர்கள் ஆலயமும் இருந்தது. கடிதம் எழுதிய பிள்ளைகள் யூதக் குழந்தைகள். அவர்களைப் பேணி வந்தவர் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். அவருடைய தாள்களோடு அந்தக் கடிதமும் இன்றுவரை பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒரு பங்குத்தந்தை என்ற முறையில் அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் ஒருவர் குழந்தைகளுக்குத் தோட்டத்தையும் கேட்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்ட மனிதர்?

அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். தந்தை பிறப்பைப் பதிவு செய்யத் தாமதித்ததால், அவர் பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் சொல்லப்படுகிறது. வழக்கறிஞரான தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டு 1896இல் இறந்தார். வசதியாக வாழ்ந்த குடும்பம் நொடித்துப்போனது. மாணவராக இருந்த மகன் பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பின்னர் மருத்துவம் பயின்றார். எழுத்தாளராக அவர் சூட்டிக்கொண்ட பெயர்தான் யானுஷ் கோர்ச்சாக்.

வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி நல்ல பெயர் எடுத்திருந்தார். ஆனால் நோயை மட்டும் குணமாக்கினால் போதாது, பிள்ளை திரும்பிச் செல்லும் வாழ்வும் நலம் பெற வேண்டும் என்று எண்ணினார். 1912இல் குரோக்மால்னா தெருவில் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்ற ஆசிரியை தொடக்கம் முதலே அவரோடு உழைத்தார்.

அந்த இல்லத்தில் குழந்தைகளே நடத்தும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையே வழங்கின. ஆசிரியர் தவறு செய்தாலும் ஒரு சிறுவன் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக் அவர்களே பலமுறை அந்த நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கிறார்! குழந்தை என்பவர் இனிமேல்தான் மனிதராகப் போகிறவர் அல்ல, இப்போதே முழு மனிதர் என்பது அவரது உறுதியான நம்பிக்கை.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. கோர்ச்சாக் ரஷ்யப் படையின் மருத்துவராக அழைத்துச் செல்லப்பட்டார். வார்சா இல்லத்தின் முழுப் பொறுப்பும் வில்ச்சின்ஸ்காவின் தோளில் விழுந்தது. போர்முனை மருத்துவமனையில் இருந்தபடியே, குழந்தையை எப்படி அன்பு செய்வது என்பது பற்றி அவர் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். கீவ் நகரில் போலந்துச் சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய மரியா ஃபால்ஸ்கா என்ற பெண்மணியைச் சந்தித்தார். அந்த நட்பின் பயனாக 1919இல், போலந்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இன்னோர் இல்லம் உருவாயிற்று. 1920இல் நடந்த போரிலும் மருத்துவராகப் பணியாற்றிய அவரை டைஃபஸ் காய்ச்சல் தாக்கியது. அவரைக் கவனித்துக்கொண்ட தாய்க்கும் அது தொற்றியது. தாய் இறந்துபோனார். போர் என்றால் என்ன என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டார்.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் குழந்தைகளை மட்டுமல்ல, குழந்தைகளைப் பேணுபவர்களையும் பேணினார். குரோக்மால்னா இல்லத்தில் இளம் ஆசிரியப் பயிற்சியாளர்கள் தங்கியிருந்தனர். அன்றாடம் தாங்கள் கண்டதையும் தங்களுக்கு எழுந்த கேள்விகளையும் அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்கள். வில்ச்சின்ஸ்கா அதைப் படித்துப் பதில் எழுதுவார். ஆசிரியரின் களைப்பையும் குழப்பத்தையும் செவிமடுக்க ஒருவர் இருந்தார். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. முன்பே வானொலியில் 'முதிய மருத்துவர்' என்ற பெயரில் மக்களுக்கு அறிமுகமாகியிருந்த கோர்ச்சாக், குண்டு மழைக்கு நடுவே மீண்டும் வானொலியில் பேசிக் கலங்கிய நகரத்திற்குத் தைரியம் ஊட்டினார். பாலஸ்தீனத்தில் தங்கியிருந்த வில்ச்சின்ஸ்கா, போருக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பிள்ளைகளிடம் திரும்பி வந்திருந்தார். 1940 நவம்பரில் இல்லம் கெட்டோவுக்குள் மாற்றப்பட்டது. அப்போது பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கேட்கச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டையையும் அணியாமல் இருந்ததால் சிறையில் அடைக்கப்பட்டார்.

ஏறக்குறைய மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் 4 இலட்சத்திற்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பசியும் காய்ச்சலும் தெருவிலேயே உயிர்களைப் பறித்தன. அறுபது வயதைக் கடந்த கோர்ச்சாக், ஏறக்குறைய 200 பிள்ளைகளுக்காக வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகச் சென்று கையேந்தினார். ஆனால் இல்லத்திற்குள் ஒழுங்கு குலையவில்லை. பாடங்கள் நடந்தன. பிள்ளைகளின் நீதிமன்றம் கூடியது. வாரந்தோறும் அவர்களின் எடை பார்க்கப்பட்டது. இது வெறும் பிடிவாதம் அல்ல. வெளியே எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்போது, நாளை காலையும் மணி அடிக்கும், பாடம் இருக்கும், தெரிந்த முகம் வரும் என்ற உறுதியே குழந்தையின் மனத்தைத் தாங்கும். போரிலும் பேரிடரிலும் குழந்தைகளிடையே பணியாற்றுவோர் இன்றும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

1942இன் தொடக்கத்தில், ஆயிரம் குழந்தைகள் வரை இருந்த இன்னோர் இல்லத்திற்கும் உதவ முன்வந்தார். அங்கே குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் உணவைப் பணியாளர்கள் சிலரே திருடிக்கொண்டிருந்தார்கள். பசியும் பயமும் பராமரிப்பவரையும் கெடுத்துவிடும் என்பதற்கு இது கசப்பான சான்று. கோர்ச்சாக்கும் இரும்பு மனிதர் அல்ல. உடல் நலிந்து, மனம் சோர்ந்து, பிள்ளைகள் உறங்கிய பின் தம் வேதனைகளை நாட்குறிப்பில் கொட்டினார். பொழுது விடிந்ததும் மீண்டும் பிள்ளைகளிடம் எழுந்து சென்றார்.

1942 ஜூலை 18 அன்று அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் நாட்டுக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய 'தபால் நிலையம்'. நோயுற்று அறைக்குள் முடங்கிய அமல் என்னும் சிறுவன், சன்னல் வழியே உலகைப் பார்த்து, அரசரின் கடிதத்திற்காகக் காத்திருக்கும் கதை. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு ஏது? நான்கே நாட்களில், ஜூலை 22 அன்று, கெட்டோவிலிருந்து மக்களை மரண முகாமுக்கு அனுப்புவது தொடங்கியது.

கோர்ச்சாக் தப்பிச் செல்ல நண்பர்கள் வழி செய்தார்கள். போலி அடையாளச் சீட்டுகூடத் தயாராக இருந்தது. அவர் மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 4 அன்று எழுதிய கடைசிக் குறிப்பில், சன்னலருகே பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதையும், துப்பாக்கியோடு நின்று தம்மைப் பார்த்த ஜெர்மன் காவலனையும் குறிப்பிடுகிறார். போருக்கு முன் அவன் ஒருவேளை ஒரு கிராமத்து ஆசிரியராக இருந்திருப்பானோ என்று எண்ணிப் பார்க்கிறார். தம்மைக் கொல்லக்கூடியவனிலும் ஓர் ஆசிரியரைத் தேடிய கண்கள் அவை.

அந்த நாட்களிலேயே படைவீரர்கள் இல்லத்தைச் சுற்றி வளைத்தார்கள். கோர்ச்சாக், வில்ச்சின்ஸ்கா, பிற பணியாளர்கள், ஏறக்குறைய 200 குழந்தைகள் ஆகியோர் இரயில் நிற்கும் இடத்திற்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். திரெப்ளிங்கா முகாமுக்குச் சென்ற அவர்கள் திரும்பவில்லை. நாம் கோர்ச்சாக்கின் பெயரை நினைவில் வைத்திருக்கிறோம். அவரோடு சென்ற ஆசிரியைகளும் பணியாளர்களும் அதே அன்போடுதான் சென்றார்கள்.

பிள்ளைகள் கடிதம் எழுதிய அந்த ஆலயத்தின் பங்குத்தந்தை மர்செலி கோட்லெவ்ஸ்கி. போருக்கு முன் யூதர்களுக்கு எதிரான கருத்துகள் கொண்டவராக அறியப்பட்டவர். ஆனால் கெட்டோவின் துயரத்தை நேரில் கண்ட பிறகு, யூதக் குழந்தைகளை மதிலுக்கு வெளியே கொண்டு சேர்த்துக் காப்பாற்றினார். அருட்சகோதரிகள் அந்தப் பணியில் துணை நின்றார்கள். யாத் வாஷெம் நினைவகம் 2009இல் அவரைப் போற்றி மதிப்பளித்தது. பிறருடைய துயரத்தின் அருகில் சென்று நிற்பவரின் உள்ளம் மாறாமல் இருப்பதில்லை.

1978இல் குழந்தைகளின் உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது கோர்ச்சாக்கின் தாய்நாடான போலந்துதான். 1989இல் அது நிறைவேறியது. திரெப்ளிங்காவில் இன்று 17,000 நினைவுக் கற்கள் நிற்கின்றன. அவற்றில் தனி மனிதர் ஒருவரின் பெயர் தாங்கியது ஒன்றே. அதிலும் கோர்ச்சாக் தனியாக இல்லை. அவர் பெயரோடு குழந்தைகள் என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளது.

அன்பர்களே, போர்ச் செய்திகளைக் கேட்கும்போது உணவுப் பொட்டலமும் மருந்தும் அனுப்புகிறோம். அது தேவைதான். ஆனால் அஞ்சி நடுங்கும் ஒரு குழந்தையின் அருகில் நாள்தோறும் அமரும் ஆசிரியரை நினைத்துப் பார்க்கிறோமா? அந்த ஆசிரியர் சோர்ந்துபோகும்போது அவருக்கு யார் செவிகொடுப்பது? நம் ஆலய வளாகத்தின் கதவை ஒரு குழந்தை தட்டினால், அது யாருடைய குழந்தை என்று கேட்காமல் திறப்போமா? சிந்திப்போம்.