ஒரு கோடி ரூபாய்ச் சத்தியம்



ராணி மீனாட்சி என்றதும் நம்மில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மதுரைக் கோயிலில் கிளியோடு நிற்கும் அம்மன்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை. ஆனால் நான் எழுத வந்தது சாமியைப் பற்றி அல்ல. அந்தச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, 1732 முதல் 1736 வரை நாலே நாலு வருஷம் இந்தச் சீமையை ஆண்ட ஒரு மனுஷியைப் பற்றி. மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி ராணி அவர். நம்ம தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் அந்த ராஜ்யத்துக்குள்தான் இருந்தன.

அவர் கணவரின் பாட்டி ராணி மங்கம்மாள். அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களை எடுக்கும் வரை திண்டுக்கல் பக்கத்து அரசு பஸ்களில்கூட ராணி மங்கம்மாள் என்றுதான் எழுதியிருக்கும் என்று எங்கள் அம்மா சொல்லுவாங்க. பாட்டிக்கு ரோடு, சத்திரம், பஸ் எல்லாம் உண்டு. பேரன் மனைவிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஏன்?

இந்தக் கேள்வி எனக்குள் வந்ததே ஒரு இங்கிலீஷ் படத்தால்தான். 1986-இல் வந்த லேடி ஜேன் என்ற படம். இங்கிலாந்தில் 1553 ஜூலையில் ஜேன் கிரே என்ற சின்னப் பெண்ணை, நார்தம்பர்லாண்டு பிரபு என்ற அவள் மாமனாரே சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறார். ஒன்பதே நாள்! ஜூலை 19-ஆம் தேதி நாடு மேரி பக்கம் சாய்ந்துவிடுகிறது. 1554 பிப்ரவரி 12-ஆம் தேதி லண்டன் கோபுரக் கோட்டையில் ஜேனின் தலை வெட்டப்படுகிறது. அப்போது பதினேழு வயதைத் தாண்டவில்லை. நம்மில் முதல் வருஷம் சேருகிற தங்கச்சிகளின் வயசு! ஒன்பது நாள் ராணிக்குப் படமும் ஓவியமும் இருக்கும்போது, நம்ம நாலு வருஷ ராணியின் கதையை நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1706 வாக்கில் ஆட்சிக்கு வந்தார். ரொம்ப பக்திமான். கோயில் கோயிலாகப் போவார், அள்ளி அள்ளிக் கொடுப்பார். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனவர்கள், அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கிற சிலைகளைப் பார்த்திருக்கலாம். ஆனால் தர்மம் ஒரு பக்கம், கஜானா ஒரு பக்கம் அல்லவா? நிர்வாகத்தை அதிகாரிகள் கையில் விட்டுவிட்டதால் அவர்கள் வைத்ததே சட்டம் ஆனது. வரி ஏறியது, படை மெலிந்தது. 1732-இல் அவர் இறந்தபோது பிள்ளை இல்லை.

அப்போதுதான் மீனாட்சி ராணியானார். தலைநகரம் மதுரை இல்லை, திருச்சிராப்பள்ளி. கஜானா மெலிவு, தளவாய்கள் ஆளுக்கொரு திசை, வெளியே ஆற்காட்டு நவாப் கப்பம் கேட்டுக் காத்திருக்கிறார். இந்த நிலைமையில் ஒரு விதவைப் பெண் என்ன செய்வார்? மீனாட்சி யோசித்துத்தான் செய்தார். நாயக்கர் குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர் வங்காரு திருமலை. அவருடைய மகன் விஜயகுமாரனை ராணி தத்து எடுத்துக்கொண்டார். வாரிசும் ஆச்சு, பங்காளி வாயையும் அடைத்தாச்சு என்று நினைத்திருப்பார்.

ஆனால் வாய் அடைபடவில்லை. தன் மகன் ராஜாவாக வரப்போகிறான் என்பதில் வங்காரு திருமலைக்குத் திருப்தி இல்லை. தானே ராஜாவாகணும்! தளவாய் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ராணிக்கு எதிராகக் கிளம்பினார். கோட்டை அவருக்குக் கிடைக்கவில்லை, ராணி விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டை உள்ளே ராணி, வெளியே பங்காளி. ராஜ்யம் இரண்டாகப் பிளந்து நின்றது.

நான் சிவில் மாணவி. ஒரு கட்டடத்தின் அஸ்திவாரம் மொத்தமாகச் சமமாக இறங்கினால்கூட கட்டடம் ஓரளவு தாங்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் சுவரில் விரிசல் விழும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். மதுரை ராஜ்யத்துக்கு நடந்தது அதுதான்.

1734-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் தன் மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிபையும் படையோடு தெற்கே அனுப்பினார். விரிசல் கண்ட வீட்டுக்குள் தண்ணீர் வர நேரம் ஆகுமா? வங்காரு திருமலை முந்திக்கொண்டார். தன்னை ராஜாவாக்கினால் முப்பது லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சப்தர் அலியிடம் பேசி முடித்தார். சப்தர் அலி அவருக்கே ராஜ்யம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதை நிறைவேற்றும் வேலையை மச்சான் சந்தா சாகிபிடம் ஒப்படைத்துத் திரும்பிவிட்டார்.

இப்போது ராணியின் முறை. சந்தா சாகிபுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொல்லி, தன்னைக் காப்பாற்றும்படி கேட்டார். அந்தக் காலத்து ஒரு கோடி! வெறும் வாய் வார்த்தையை அவர் நம்பவில்லை, சத்தியம் கேட்டார். சந்தா சாகிப் திருக்குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார் என்றும், பட்டுத்துணிக்குள் இருந்தது வெறும் செங்கல்தான் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. செங்கல் கதை எப்படியிருந்தாலும், சத்தியத்தை நம்பிக் கோட்டைக் கதவு திறந்தது. பணம் போனது. சந்தா சாகிபும் அப்போதைக்குப் போனார்.

1736-இல் திரும்பி வந்தார். இந்தத் தடவை விருந்தாளியாக வரவில்லை. கோட்டையில் மெல்ல மெல்ல அவர் கை ஓங்கியது. மதுரைப் பக்கம் இருந்த வங்காரு திருமலை மேல் படை போனது. நாம் கொடைரோடு ரயில் நிலையம் என்று சொல்கிறோமே, அந்த அம்மையநாயக்கனூர் பக்கத்தில் சண்டை நடந்தது. வங்காரு திருமலை தோற்று சிவகங்கைச் சீமைக்கு ஓடினார். ராணியின் எதிரி ஒழிந்தார் என்றுதானே நினைப்போம்? இல்லை. பங்காளி ஒழிந்ததும் சந்தா சாகிபுக்கு ராணியும் தேவைப்படவில்லை. ராணியை அவருடைய அரண்மனையிலேயே சிறை வைத்துவிட்டு ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார். ராணி மீனாட்சி விஷம் குடித்து உயிரை விட்டார். 1529-இல் விசுவநாத நாயக்கர் தொடங்கிய இருநூறு வருஷத்து ஆட்சி அந்த அறைக்குள் முடிந்து போனது.

இதை மதச் சண்டையாகப் படித்தால் ராணிக்கு நாம் செய்கிற இரண்டாவது துரோகம் அது. முதலில் வெளி ஆளைத் தேடிப் போனது யார்? ராணியின் சொந்தப் பங்காளி. அதோடு, மிச்சக் கதையையும் கேளுங்கள். 1741-இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து சந்தா சாகிபைச் சதாராவுக்குச் சிறை கொண்டுபோனார்கள். விடுதலையாகி வந்து மறுபடியும் திருச்சிக்காகச் சண்டை போட்டார். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் மாட்டிக்கொண்டபோது, தஞ்சாவூர்த் தளபதி மானோஜி உயிருக்கு ஆபத்தில்லை என்று சத்தியம் செய்து கொடுத்ததை நம்பித்தான் சரணடைந்தார். தலை போனது! சத்தியத்தை உடைத்தவர், உடைந்த சத்தியத்தாலேயே செத்தார். ஆக, கெட்ட சத்தியத்துக்கு மதமும் இல்லை, மொழியும் இல்லை.

இதில் நம்ம பள்ளத்தாக்குக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கண்டமனூர், போடி, எரசை, தேவாரம் என்று நம்ம பக்கம் முழுக்கப் பாளையங்கள். நேற்று வரை யாருக்குக் கப்பம் கட்டணும் என்று தெரிந்திருந்தது. 1736-க்குப் பிறகு? சந்தா சாகிப், மராட்டியர், நிஜாம், மைசூர் என்று கைமாறிக்கொண்டே போனது. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்து உட்கார்ந்தார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போனது. ஐம்பத்தாறு வருஷத்தில் இத்தனை எசமான்கள்! வந்தவர்கள் எல்லாரும் வரி கேட்டார்கள். கட்டியது நம்ம முப்பாட்டன்கள்.

சிலர் மீனாட்சியை ஏமாளி என்று எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெறும் கஜானா, பிளந்த குடும்பம், வாசலில் படை... இத்தனைக்கும் நடுவே நாலு வருஷம் கோட்டையைக் காத்தவர் ஏமாளியா? ஜேன் கிரேயை மற்றவர்கள் காய் மாதிரி நகர்த்தினார்கள். மீனாட்சி தானே ஆடினார். அவர் தோற்றது புத்தியில்லாமல் அல்ல. வீட்டுச் சண்டையைத் தீர்க்க வெளி ஆளுக்குச் சாவி கொடுக்கும்படி சொந்தக்காரர்களே அவரைத் தள்ளிவிட்டார்கள். அதுதான் காரணம்.

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு அத்தை இருக்காங்க. மாமா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பங்காளிகள் தென்னந்தோப்புப் பத்திரத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள். பயந்துபோன அத்தை, உதவி செய்கிறேன் என்று வந்த ஒரு ஆளை நம்பி பவர் எழுதிக் கொடுத்தாங்க. ஆறே மாசத்தில் தோப்பு கைமாறிப் போச்சு. 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் கணவன் சொத்தில் மனைவிக்குத் தெளிவாகப் பங்கு கொடுக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. ராணிக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. அத்தைக்கு எல்லாம் இருந்தது. சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

நண்பர்களே, நம் வீடுகளில் டிப்ளமா வரை படித்த முதல் ஆள் பெரும்பாலும் நாம்தான். பத்திரம் படிக்கத் தெரிந்தவர்களும் நாம்தான். ஒரு அம்மாவோ அத்தையோ கையெழுத்துப் போடுமுன், நாலு வரி படித்துச் சொல்லுவோம். பங்காளிப் பக்கம் நாமே இருந்தாலும் நியாயத்தைச் சொல்லுவோம்.

இன்னொன்று. திருச்சி பெல் ஆலைக்கு ஐ.வி. போகும்போது, மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அது நாயக்கர்களின் தர்பார் மண்டபம். ராணி மங்கம்மாள் மகால் என்று பலகை இருக்கும். அந்த மண்டபத்தில் பேரன் மனைவி ஒருத்தியும் ராணியாக இருந்தாள் என்று கூட வருகிற ஜூனியர்களிடம் சொல்லுங்கள்.