கழுத்துல நெறி கட்டியிருக்கா? முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை சொல்லும் பாடம்

மணியாச்சி, கோவில்பட்டி பக்கம் கழுத்தில் உருண்டையா ஏதாவது தட்டுப்பட்டா, நெறி கட்டியிருக்குன்னு சொல்வாங்க. பெரும்பாலும் அது தானா வடிஞ்சிடும். வடியலைன்னா? தாமதத்தின் விலை என்னன்னு தெரிஞ்ச ஒரு டாக்டரின் கதை இது.

யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும் இவர்தான்.

தங்கைக்கு என்ன ஆச்சு?

தங்கை சுந்தராம்பாளுக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க. உண்மை தெரியும்போது காலம் கடந்துவிட்டது. 1923-ல் அவர் இறந்தார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வலிதான் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற பிடிவாதமாக மாறியது. 1935-ல் அதைப் பொதுவில் கேட்டார். பிறகு இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1968 ஜூலை 22-ல் அவர் மறைந்தார்.

நெறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நெறின்னு நாம சொல்றது நிணநீர்க் கணு. கிருமிகளை வடிகட்டும் சல்லடை மாதிரி. உடம்பில் உள்ளதில் ஏறக்குறைய 300 கணுக்கள் தலை, கழுத்துப் பகுதியில் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. தலையில் புண்ணுன்னா பின்னந்தலையில் நெறி கட்டும். நாக்கு, கன்னத்தில் பிரச்சினைன்னா தாடைக்குக் கீழே. காறை எலும்புக்கு மேலே, இடது பக்கம் கட்டினா நோய் வயிற்றிலும் இருக்கலாம்.

வாய்ப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும் இடம் கழுத்து நெறிதான். காசநோயும் இங்கே நெறி கட்ட வைக்கும்.

எப்போ கவனிக்கணும்?

தொட்டா வலிச்சா, கூடவே காய்ச்சல், பல்வலி இருந்தா பெரும்பாலும் சாதாரண தொற்றுதான். வலியே இல்லாம, கல்லு மாதிரி, நகராம, 3 வாரம் தாண்டியும் இருந்தா காத்திருக்காதீங்க. புகையிலை போடுறவங்களுக்கு வாய்ப்புண்ணும் ஆறலைன்னா இன்னும் அவசரம். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி ரெண்டுமே பக்கம்தான்; ரெண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. சுந்தராம்பாளுக்குக் கிடைக்காத அந்த நேரம் உங்களுக்கு இன்னும் இருக்கு.