கிணற்று நீரைப் படித்தவர்

1852ஆம் ஆண்டு பிரெஸ்லௌ நகரில் காலரா பரவியது. ஓடர் ஆற்றின் கரையில் அமைந்த அந்நகரம் அன்று பிரஷ்ய நாட்டைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில் வேறு பெயருடன் விளங்குகிறது. காலையில் நலமாக இருந்தவர் இரவுக்குள் மாண்டு போவதை மருத்துவர்களால் தடுக்க இயலவில்லை. அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைக் கொணர்கிறது என்று பெரும்பாலோர் நம்பினர். அந்நாளில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் நகரத்துக் கிணறுகளின் நீரை எடுத்து, துளித் துளியாக நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். அவர் பெயர் பெர்டினாண்ட் கோன். அரசனைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லோடு ஒலியால் ஒத்த பெயர்; ஆயினும் அவர் ஒரு யூத வணிகரின் மகன்.

கோன் 1828ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் பிரெஸ்லௌவில் பிறந்தார். மழலை மாறாப் பருவத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்தார் என்பர். இளம் வயதிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் ஓர் இடர் வந்தது. சிறுவனாக இருக்கும்போதே அவருடைய செவித்திறன் குறைந்தது. வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கேட்டே பயிலவேண்டிய காலம் அது. கேட்பதில் பிறரைவிடப் பின்தங்கிய அவர், பார்ப்பதில் எவருக்கும் பின்தங்கவில்லை. செடிகொடிகளை உற்று நோக்கும் ஆர்வம் அவரைத் தாவரவியலின் பக்கம் இழுத்தது.

பட்டம் பெறும் நிலை வந்தபோது வேறொரு தடை எழுந்தது. யூதர்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகத்தின் விதி இடந்தரவில்லை. அவர் விண்ணப்பித்தும் பயனில்லை. பிறந்த ஊரில் கிடைக்காத பட்டத்தைத் தேடி அவர் பெர்லினுக்குச் சென்றார். நுண்ணுயிர்களை ஆராய்வதில் புகழ்பெற்றிருந்த எரென்பெர்க் முதலியோரிடம் பயின்று, 1847இல், பத்தொன்பதாம் வயதில், முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெர்லினில் மக்கள் எழுச்சி நடந்தது. மக்களாட்சியை விரும்பியோர்பால் கோனின் உள்ளம் சாய்ந்தது. அதனால் அந்நகரில் அவருக்குப் பணி கிடைக்கும் வழி அடைபட்டது. அவர் மீண்டும் பிரெஸ்லௌவுக்கே திரும்பினார்.

தந்தை மகனுக்கு விலையுயர்ந்த பெரிய நுண்ணோக்கி ஒன்றை வாங்கித் தந்திருந்தார். வியன்னா நகரத்துக் கைவினைஞர் புளோசல் செய்த கருவி அது. அதைக் கொண்டே கோன் காலராக் காலத்துக் கிணற்று நீரை ஆராய்ந்தார்.

கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீரிலும் எண்ணற்ற உயிர்கள் இருந்தன. ஆனால் எல்லாக் கிணறுகளிலும் ஒரே வகை உயிர்கள் இல்லை. தூய நீரில் உயிர்கள் சிலவே. அவற்றுள்ளும் கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம்களும் பசும்பாசிகளும் மிகுதி. கழிவு கலந்த நீரிலோ நிறமற்ற நுண்ணுயிர்களும், மயிர் போன்ற இழைகளை அசைத்து நீந்தும் ஓரணு உயிர்களும் திரண்டிருந்தன. காரணம் எளிது. பாசிகள் ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. நிறமற்ற நுண்ணுயிர்களுக்கோ அழுகும் பொருள் வேண்டும். நீந்தும் சிற்றுயிர்களுள் பல அந்நுண்ணுயிர்களையே தின்று பெருகுகின்றன. ஆகவே ஒரு நீரில் யார் குடியிருக்கின்றனர் என்று கண்டால், அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை உய்த்துணரலாம். 1853இல் கோன் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

காலராவின் காரணத்தை அவர் அதில் கண்டுபிடிக்கவில்லை. அந்நோய்க் கிருமியைப் பிரித்தறியும் முறைகள் அப்போது இல்லை. எனினும் அவர் கண்ட வழி பிற்காலத்தில் ஆறுகளுக்கும் பொருந்தியது. பெர்லினைச் சேர்ந்த கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர், 1902 முதல் நீர்வாழ் உயிர்களைப் பட்டியலிட்டு, மிக மாசுற்ற நீர் முதல் தூய நீர் வரை நிலைகளாக வகுத்தனர். வேதியியல் ஆய்வு நீரை எடுத்த அந்நேரத்து நிலையைக் கூறும். நேற்று இரவு திறந்துவிட்ட கழிவு இன்று காலை ஓடி மறைந்துவிடலாம். கல்லில் பற்றி வளரும் பாசியோ ஓடிப்போவதில்லை. பல நாள்களாக ஆற்றில் நிகழ்ந்தவை அதன் வளர்ச்சியில் பதிந்திருக்கும்.

இவ்வகைச் சாட்சிகளுள் நீலப்பசும்பாசிகள் சிறப்பிடம் பெறுவன. நாட்டுப்புறத்தில் வழுக்கும் பச்சை எல்லாவற்றுக்கும் பாசி என்ற ஒரே பெயர்தான். நுண்ணோக்கியோ அவற்றைப் பிரித்துக் காட்டும். ஊசலாடும் நூலிழை போன்ற ஆசிலட்டோரியா இனங்கள் பல, சாக்கடை கலந்த நீரிலும் தழைப்பவை. எரு உப்புகள் மிகுந்து தேங்கிய நீரில் மைக்ரோசிஸ்டிஸ் பச்சைச் சாயம் கொட்டினாற்போலப் படரும். சில வேளை நஞ்சும் சுரக்கும். ரிவுலேரியா என்பதோ பாஸ்பரஸ் குறைந்த தெளிந்த ஓடைகளின் கற்களில் சிறு உருண்டைகளாக ஒட்டி வாழும். எல்லா நீலப்பசும்பாசியும் மாசின் அடையாளம் அன்று; எது என்று அறிந்த பின்பே எதையும் கூற வேண்டும்.

அவ்வாறு அறியும் கலைக்குக் கோன் செய்த தொண்டு பெரிது. அக்காலத்தில் நுண்ணுயிர்களுக்கு ஒழுங்கான வகைப்பாடு இல்லை. 1872இல் அவர் பாக்டீரியங்களை வடிவத்தால் வகைப்படுத்தினார். நிறமற்ற பாக்டீரியமும் நீலப்பசும்பாசியும் உறவின என்றும் கண்டார். இரண்டும் உடல் இரண்டாகப் பிளந்தே பெருகுகின்றன என்பதால், அவற்றைப் பிளவுத் தாவரங்கள் என ஒரே கூட்டத்தில் சேர்த்தார். நிறத்தைப் பார்த்து மற்றப் பாசிகளுடன் சேர்த்தோரே அன்று மிகுதி. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், அவ்விரண்டிலும் உட்கரு இல்லை என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியால் உறுதியாயிற்று. சயனோபாக்டீரியா என்னும் இன்றைய பெயர் அவ்வுறவைக் காட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில், 1959இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிகாச்சாரி இவ்வுயிர்களைப் பற்றி எழுதிய பெருநூல் புதுதில்லியில் வெளியாயிற்று.

1876 ஏப்ரல் இறுதியில் சிற்றூர் மருத்துவர் ஒருவர் கோனைத் தேடி வந்தார். அவர் இராபர்ட் கோக். அடைப்பான் நோய் ஒரு பாக்டீரியத்தால் வருகிறது என்பதை மெய்ப்பிக்கத் தம் கருவிகளுடன் வந்திருந்தார். பெயரறியாத மருத்துவர் என்று கோன் அவரை ஒதுக்கவில்லை. செய்து காட்டியதை நாள்கணக்கில் இருந்து பார்த்தார்; தாம் நடத்திய இதழில் அக்கட்டுரையை வெளியிட்டார். அதே கோக் 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். கோன் கிணற்று நீரில் கண்ணை வைத்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டம் மறுத்த பல்கலைக்கழகத்திலேயே கோன் 1872இல் முழுப் பேராசிரியர் ஆனார். 1897இல் பிரெஸ்லௌ நகரம் அவரைத் தன் மதிப்புறு குடிமகனாக ஏற்றது. மறு ஆண்டு சூன் 25ஆம் நாள் அவர் அந்நகரிலேயே காலமானார்.