வெளிச்சத்தை உள்ளே அழைத்த லூயி கான்

கம்பி எண்ணப் போகிறவர்கள் என்று ஆர்க்கிடெக்சர் பையன்கள் சிவில்காரர்களைக் கேலி செய்வதும், படம் போட்டே பிழைக்கிறவர்கள் என்று நாங்கள் திருப்பிக் கொடுப்பதும் நம் கல்லூரி ஹாஸ்டலில் பரம்பரையாக நடந்துவருவதுதான். மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதும், இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒருவரை எழுதலாமே என்று தோன்றியது. அவர் லூயி கான், அமெரிக்க ஆர்க்கிடெக்ட். ஆமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடங்களை வைத்து நம்மவர்களுக்கு அவர் பெயர் தெரியும். எனக்கு அவரைப் பிடித்ததோ அவர் வடிவமைத்த ஓவியக் கூடங்களால். மொத்தம் மூன்று. மூன்றாவது முடிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1901-ல் அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய எஸ்தோனியாவில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருந்தபோது அடுப்புத் தணலின் நிறத்தில் மயங்கி, அதை அள்ளித் தன் உடுப்பில் போட்டுக்கொண்டார். உடுப்பு பற்றிக்கொண்டது. முகத்தில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. வெளிச்சத்துக்கும் இவருக்கும் அப்போதே ஆரம்பித்த விவகாரம் என்று எனக்குத் தோன்றும்!

1906-ல் குடும்பம் பிலடெல்பியாவுக்கு வந்தது. பையன் நன்றாக வரைவான். ஊமைப்படம் ஓடும் தியேட்டர்களில் பியானோ வாசித்துச் சம்பாதித்துப் படித்து, 1924-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் பட்டம் வாங்கினார். அப்புறம்? பெரிதாக ஒன்றுமில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போயிற்று. வீட்டை ஓட்டியது மனைவி எஸ்தரின் சம்பளம். ஐம்பது வயது வரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய கட்டடம் அவர் பெயரில் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் தேறவில்லையே என்று உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

முதல் பெரிய வேலை, அவர் பாடம் நடத்திய யேல் பல்கலைக்கழகத்தின் ஓவியக் கூடம். 1953-ல் திறந்தார்கள். அதன் கூரையை முக்கோணக் கூடுகளாக கான்கிரீட்டில் வார்த்து, ஏ.ஸி. குழாய்களையும் மின்சார வயர்களையும் அந்தக் கூடுகளுக்குள்ளேயே ஓட்டினார். அந்த முக்கோண யோசனையில் அவருடன் வேலை செய்த ஆன் டிங் என்ற பெண் ஆர்க்கிடெக்டின் பங்கு நிறைய. பேர் கிடைத்தது. ஆனால் சில வருடங்களில் புதிதாக வந்த டைரக்டருக்கு அந்தக் கரடுமுரடு பிடிக்கவில்லை. சுவர்களை வெள்ளைப் பலகை அடித்து மறைத்துவிட்டார். கானுக்கு மனசு கசந்து போயிற்று. 2006-ல்தான் பழைய உருவம் திரும்பியது.

ஓவியக் கூடம் கட்டுவதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. படத்தைப் பார்க்க நல்ல வெளிச்சம் பகல் வெளிச்சம்தான். அதே பகல் வெளிச்சம்தான் படத்துக்கு எமன். சாயத்தை வெளுக்கவைக்கும், காகிதத்தைப் பழுப்பாக்கும். இந்தப் பயத்தில் ஜன்னலை அடைத்து விளக்கைப் போட்டுவிட்டால் காலையும் மாலையும் ஒன்றுதான், சினிமா கொட்டகை மாதிரி. டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் கிம்பெல் மியூசியம் கட்ட 1966-ல் கானை நியமித்த அதன் டைரக்டர் ரிச்சர்ட் பிரவுன், பகல் வெளிச்சம் கட்டாயம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டெக்ஸாஸ் வெயில் நம்ம ஊர் வெயிலுக்கு அண்ணன், தெரியுமோ?

கானின் முதல் வரைபடங்கள் உயரமாக, பிரம்மாண்டமாக இருந்தன. சின்னச் சின்னப் படங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கிற இடத்துக்கு இது எதற்கு என்று பிரவுன் ஒப்பவில்லை. அப்போது கானின் ஆபீஸில் இருந்த மார்ஷல் மேயர்ஸ், சைக்ளாய்டு வளைவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சக்கரம் உருளும்போது அதன் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி போகும் பாதைதான் சைக்ளாய்டு. கணக்குப் பாடத்தில் நாம் போட்டுவிட்டு மறந்தது. அரைவட்டத்தைவிடத் தணிந்த வளைவு. அப்படிப் பதினாறு நீளக் கூரைகள், ஒவ்வொன்றும் சுமார் 100 அடி நீளம். உச்சியில் நெடுகிலும் ஒரு பிளவு, வெளிச்சம் இறங்க.

இங்கேதான் நம் கட்சி வருகிறது. உச்சியைப் பிளந்துவிட்டால் அது எப்படி வளைவாக நிற்கும்? நிற்காது. கானின் இன்ஜினீயர் ஆகஸ்ட் கோமென்டன்ட், இவரும் எஸ்தோனியாக்காரர்தான், அதை வளைவாகவே பார்க்கவில்லை. வளைந்த உத்தரமாகப் பார்த்தார். ஓட்டுக்குள் எஃகு வடங்களை வைத்து, கான்கிரீட் இறுகிய பின் இழுத்து முடுக்கி, நாலு மூலையில் நாலே தூண்களில் உட்காரவைத்தார். கடைசியில் வரும் முக வளைவு உச்சியில் தடிமனாக இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. கான் அதை ஒளிக்கவில்லை. அதற்கும் கீழே உள்ள சுவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டையை விட்டார். வளைவு தடிக்கிற இடத்தில் பட்டை ஒடுங்கும். கணக்கே அலங்காரமாகிவிட்டது. இருவரும் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஆனாலும் பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள்.

நான் அங்கே போனது ஒரு மே மாதம். மேலே பார்த்தால் பிளவு தெரியாது. அதன் கீழே துளையிட்ட அலுமினியத் தகடு சிறகு மாதிரி தொங்குகிறது. விளக்கு நிபுணர் ரிச்சர்ட் கெல்லியின் யோசனை. வெயில் தகட்டில் பட்டுத் திரும்பி கான்கிரீட் வளைவில் படிந்து, அங்கிருந்து வழிந்து கீழே வருகிறது. வெறும் சிமென்ட், வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுங்குகிறது. வெளியே ஒரு மேகம் கடந்தது; அறை முழுக்க ஒரு நிறம் மாறி, திரும்பி வந்தது. நாற்பது வருடம் கான்கிரீட் போட்ட எனக்கு அது கான்கிரீட் என்று நம்பவே கொஞ்ச நேரமாச்சு. 1997-ல் பில்பாவோ மியூசியம் திறந்த பிறகு, கட்டடமே காட்சி என்று நிறைய வந்துவிட்டன. என் கட்சி கிம்பெல்தான். அங்கே கண் போவது படத்துக்கு.

கிம்பெல் 1972-ல் திறந்தது. மனிதரைத் தெய்வமாக்க எனக்கு இஷ்டமில்லை. மனைவி இருக்க, ஆன் டிங்குக்கு ஒரு மகள், ஹேரியட் பாட்டிசன் என்பவருக்கு ஒரு மகன். அந்தப் பிள்ளைகள் தகப்பன் எப்போது வருவார் என்று காத்திருந்து வளர்ந்தார்கள். கட்டடத்தின் பெருமையில் அதைத் தள்ளிக் கழிக்க முடியாது. பணத்திலும் அப்படியே, ஆபீஸ் முழுக்கக் கடன். 1974 மார்ச் 17 அன்று ஆமதாபாத்திலிருந்து திரும்பியவர், பிலடெல்பியா ரயிலுக்காக வந்திருந்த நியூயார்க் பென் ஸ்டேஷனில் மாரடைப்பில் விழுந்தார். வயது 73. வீட்டாருக்குத் தகவல் போய்ச் சேராமல் உடல் இரண்டு நாள் பிண அறையில் கிடந்தது.

மூன்றாவது மியூசியம், பிரிட்டிஷ் ஓவியங்களுக்கானது, யேலில் அந்த முதல் கூடத்துக்கு எதிர்ச்சாரியிலேயே பாதியில் நின்றது. சைக்ளாய்டு கொடுத்த அதே மார்ஷல் மேயர்ஸும் அவர் கூட்டாளியும் அதை முடித்து 1977-ல் திறக்கவைத்தார்கள். 1989-ல் கிம்பெல்லை அப்படியே நீட்டிக் கட்ட ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பிக் கைவிட்டார்கள். 2013-ல் ரென்சோ பியானோ தனிக் கட்டடமாக, தள்ளி நின்று கட்டினார். இளவயதில் கானின் ஆபீஸில் வேலை பார்த்தவர், மரியாதை தெரிந்திருக்கிறது.

டல்லஸ் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் போனால் ஒரு நடை ஃபோர்ட் வொர்த் போய்வாருங்கள். கிம்பெல்லின் நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. மேகம் வந்து போகிற நாளாகப் பார்த்துப் போவது நல்லது.