நீலக் கடலும் கைக்கடக்கமான ஒரு கருவியும்

மணமேல்குடிக் கடற்கரையில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்குக் கடலின் நிறம் ஒன்றல்ல என்பது தெரியும். கரையோரம் சேறு கலந்த சாம்பல் நிறம். வெயில் ஏற ஏறத் தூரத்தில் பச்சை, அதற்கும் அப்பால் நீலம். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று நம்மில் பலர் சிறு வயதில் கேட்டிருப்போம்; வானத்தின் நிழல் விழுகிறது என்று பெரியவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். ஆங்கிலேய அறிவியலார் இராலே பிரபுவும் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். அந்தப் பதிலை ஏற்காதவர், நமது பக்கத்து மாவட்டமான திருச்சியில் பிறந்த சர். சி. வி. இராமன் அவர்கள்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் இராமன். தந்தை விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியரானதால் குடும்பம் அங்கே சென்றது. அங்கே புனித அலாய்சியஸ் பள்ளியில் படித்து, 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரி. ஒரு முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பதற்காகக் கல்லூரி நிறமாலைமானியில் கண் வைத்தவர், பாடத்தில் இல்லாத சில ஒளிப்பட்டைகளைக் கண்டார். மற்ற மாணவர்கள் என்றால் கோணத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் இலண்டன் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே அரசின் நிதித்துறைத் தேர்வெழுதி, 1907இல் உலோகசுந்தரி அம்மாளை மணந்து, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் பொறுப்பேற்றார். ஒரு நாள் டிராமில் செல்லும்போது பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய கழகம் அது. பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபை அருள்பணியாளர் யூஜின் லாஃபோன் தொடக்கம் முதலே அவருக்குத் துணை நின்றார், அங்கே பல ஆண்டுகள் விரிவுரையும் ஆற்றினார். ஆனால் ஆய்வு செய்ய ஆள் வரவில்லை, கருவிகள் தூசி படிந்து கிடந்தன. அருள்பணி. லாஃபோன் 1908இல் இறைவனடி சேர்ந்தார். அவர் காத்திருந்த ஆள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைக்கையில் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையிலிருந்து இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று ஆண்டுகள் ஓடின. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். குடும்பஸ்தர் ஒருவருக்கு இது சிறிய முடிவல்ல. இராமன் அரசு வேலையை விட்டார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தியது. பயணத்திலும் சட்டைப்பையில் அடங்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பும் நிக்கல் முப்பட்டகமும் அவரிடம் இருந்தன. நீரில் பிரதிபலித்து வரும் வானொளியை அந்த முப்பட்டகத்தால் மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியானால் நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் பெரும் காரணம் என்று இன்று அறிந்திருக்கிறோம். ஆயினும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அடுத்த ஏழு ஆண்டுகள் திரவம் திரவமாகச் சோதனை. மாணவர் கே. ஆர். இராமநாதன் 1923இல் நீரில் ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். வெங்கடேசுவரன் கிளிசரினில் நீலத்துக்குப் பதில் பச்சை தெரிவதைக் கவனித்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் முழு மூச்சாக இறங்கினார். பிப்ரவரி 28 அன்று ஸ்பெக்ட்ராஸ்கோப் வழியே பார்த்தபோது, உள்ளே சென்ற ஒளிக்கு அப்பால், ஓர் இருண்ட இடைவெளி விட்டு, புதிய ஒளி தனியே நின்றது. பாதரச விளக்கைக் கொண்டு பார்த்தபோது தெளிவான கோடுகளே தெரிந்தன. ஹில்கர் நிறுவனத்தின் மிகச் சிறிய நிறமாலை வரைவியில் அவற்றைப் படம் பிடித்தார்கள். மொத்தக் கருவிகளின் விலை சில நூறு ரூபாய்தான் என்பார்கள்.

விஷயம் இதுதான். ஒளி ஒரு மூலக்கூறில் மோதும்போது மிகச் சிறு பகுதி மட்டும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதனிடம் விட்டுவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. எவ்வளவு விட்டது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும், கைரேகையைப் போல. லேசர் வந்தபின் இந்த முறைக்குப் புது உயிர் வந்தது. இன்று கையில் பிடிக்கும் அளவுள்ள இராமன் நிறமாலைமானிகள் இருக்கின்றன. உள்ளே ஒரு சிறு லேசர், ஒளியைப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு, கேமராவில் உள்ளது போன்ற உணரி. மாத்திரை போலியா, கல் வைரமா கண்ணாடியா என்று அவை சொல்லிவிடும். மின்கலத்துக்கான கரிப்பொருளைச் சோதிப்பவர்கள் 1350, 1580 என்ற அலையெண்களுக்கு அருகே எழும் இரு முகடுகளை ஒப்பிட்டு, அதன் அணு அடுக்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று அறிகிறார்கள். மணமேல்குடியிலிருந்து காரைக்குடிக்குப் போனால், மின்கலப் பொருள்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் இராமன் முறைக் கருவிகள் உண்டு.

1930இல் நொபெல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனுக்கு இல்லை. அதே மாதத்தில் மாஸ்கோவில் குவார்ட்சுப் படிகத்தில் இதையே கண்ட லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் இருவருக்கும் இல்லை. கிருஷ்ணன் பின்னாளில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக உயர்ந்தார் என்றாலும், அந்தக் குறை குறையாகவே நிற்கிறது.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார் இராமன். அங்கே அவரது கடுமை வெளிப்பட்டது. கமலா சோஹோனி என்ற மாணவியைப் பெண் என்பதற்காகவே முதலில் மறுத்தார், பிறகு நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். இது தவறு என்று சொல்லத்தான் வேண்டும். பின்னர் இராமனின் ஆய்வுக்கூடத்தில் அன்னா மாணி வைரங்களின் நிறமாலையைப் பல மணி நேரம் ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்து உழைத்தார், அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. பிற பேராசிரியர்களோடு ஏற்பட்ட மோதலால் இராமன் 1937இல் இயக்குநர் பதவியை விட்டார், பேராசிரியராக மட்டும் நீடித்தார். 1948இல் ஓய்வு பெற்றதும் தம் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் எழுப்பி, பூக்களின் நிறத்தையும் படிகங்களையும் ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது.

1970 நவம்பர் 21 அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடியே சடங்குகள் இன்றி அந்நிலையத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார். அந்த இடத்தில் நினைவு மண்டபம் எதுவும் இல்லை, ஒரு மரம் நிற்கிறது.